வளைவுல நின்ன கால்

எனக்கு எழுத்து அவ்வளவா ஏறல. எட்டாவது வரைக்கும் மலைமேல இருந்த விடுதிப் பள்ளிக்கூடத்துல இருந்தேன். படிக்கப் போனேன்னு சொன்னா பொய், ஓடப் போனேன். அஞ்சு போட்டி வைப்பாங்க, அஞ்சையும் ஒரே ஆள் ஆடணும், எல்லாத்துலயும் வாங்கின புள்ளியைக் கூட்டி ஜெயிச்சவ யாருன்னு சொல்லுவாங்க. அப்படி ஒரு ஆட்டம் அப்போதான் வந்துச்சு. ஜவ்வாது மலையிலேருந்து அதுக்கு மொதல்ல போன பொண்ணு நான். இதை வேற யாரும் சொல்லப் போறதில்ல, அதனால நானே சொல்லிடறேன்.

திருப்பத்தூர் மைதானத்துல ரெண்டு நாள் போட்டி. மொதல்ல வர்ற ஒருத்தியை மட்டும் மெட்ராசுக்கு ரயில்ல கூட்டிட்டுப் போவாங்கன்னு எங்க பி.டி. டீச்சர் சொன்னாங்க. மெட்ராசு எனக்குப் பெருசில்ல. ரயில்தான் வேணும். அதுவரைக்கும் நான் ரயிலைப் பார்த்ததில்ல. பார்த்துட்டு வந்த எங்க மாமன் மகன், "ஒரு ஊரே நவுந்து போறாப்ல இருக்கும்"னு சொல்லிச் சொல்லியே வெறுப்பேத்திட்டிருந்தான்.

மொதல் போட்டி தடை தாண்டி ஓடறது. எங்க கொல்லைக்கு முள்ளுப் படல்தான் வேலி, இடிச்சா தொடை கிழியும். அந்தப் பயத்துல மரச்சட்டம் ஒவ்வொண்ணையும் ஒரு முழம் மேலேயே தாண்டினேன்.

"அது முள்ளு இல்லடி, மரம். ஒட்டித் தாண்டு"ன்னு டீச்சர் கத்தினாங்க.

எனக்கு மரத்து மேலயும் நம்பிக்கை வரல. நாலாவதா வந்தேன்.

குண்டு எறியறது வேற கதை. சாமைக் கொல்லையில கல்லெறிஞ்சு பன்னி வெரட்டின கை இது. தூரம் அளக்க நாடா புடிச்சிருந்தவரு, என் ரெண்டாவது குண்டுக்குப் பத்தடி தள்ளிப் போய் நின்னுக்கிட்டாரு. உசரம் தாண்டறதும் நீளம் தாண்டறதும் சுமார்தான். ஆனாலும் நாலு போட்டி முடிஞ்சப்போ நான்தான் முன்னாடி.

எனக்கு அடுத்து இருந்தவ திருப்பத்தூர்ப் பொண்ணு. ரெட்டை ஜடை, கால்ல ஷூ.

"வெறுங்கால்ல ஓடறியே, கல்லு குத்தாதா?"ன்னு கேட்டா.

"கல்லுதான் பயப்படணும்"னேன்.

கடைசியா மைதானத்தை ரெண்டு சுத்து ஓடணும். "ஜடைக்காரி ரொம்ப தூரம் முந்திப் போகாம பார்த்துக்கோ. ரயிலு உனக்குத்தான்"னாங்க டீச்சர். முந்த விடறதா? ரெண்டாவது சுத்துல எல்லாரையும் விட்டுட்டு கடைசி வளைவுக்கே வந்துட்டேன். அங்க பார்த்தா, பின்னாடி காலடிச் சத்தமே கேக்கல.

எங்க மலையில புளி மூட்டை தூக்கிட்டு சந்தைக்கு எறங்கும்போது ஒரு வழக்கம் உண்டு. முன்னாடி போறவங்க வளைவுல நிக்கணும். பின்னாடி வர்றவங்க தலை தெரிஞ்சாத்தான் அடுத்த அடி. கரடி நடமாடற பாதை. சின்ன வயசுலேருந்து பழகின காலு, என்னை ஒரு வார்த்தை கேக்காம நின்னுடுச்சு.

திரும்பிப் பார்த்து, "வர்றியா?"ன்னு கேட்டேன்.

ஜடைக்காரி இடுப்பைப் புடிச்சிக்கிட்டு மூச்சு வாங்க வந்தா. "இன்னாத்துக்குடி நிக்கிற? சுளுக்கிக்கிச்சா?"

"நீ வரலையேன்னுதான்."

"பைத்தியம்"னு சொல்லிட்டு என்னைத் தாண்டிப் போய்ட்டா. அவ பின்னாடி இன்னொருத்தியும் போய்ட்டா. டீச்சர் கோட்டுக்கிட்ட நின்னு குடையை ஆட்டி ஆட்டி, "ரயிலுடி, ரயிலு"ன்னு தொண்டை கிழியக் கத்தினப்புறந்தான் எனக்குப் புத்தி வந்துச்சு. ஓடினேன். மூணாவதா வந்தேன்.

புள்ளி கூட்டி முடிக்கிற வரைக்கும் டீச்சர் குடையால தரையைக் குத்திட்டே இருந்தாங்க. பேப்பரைப் பார்த்துட்டு வந்து, "உங்க ஊர்ப் பன்னிங்களுக்கு ஒரு கும்புடு போடு. குண்டுதான் காப்பாத்திச்சு"ன்னாங்க. கொஞ்சூண்டு புள்ளியில நான்தான் மொதல்.

ஜடைக்காரி வந்து மேலயும் கீழயும் பார்த்தா. "நின்னுட்டும் ஜெயிச்சிட்டியே, நீ இன்னா பொண்ணுடி?"

"மலைப் பொண்ணு"ன்னேன்.

மெட்ராசு ரயில்ல ஜன்னல் ஓரம் எனக்கு. ஊரு தாண்டி ரயிலு ஒரு பெரிய வளைவுல திரும்பிச்சு. நான் தலையை வெளிய நீட்டினேன்.

"உள்ள எடு தலையை. அங்க இன்னா பார்க்கற?"ன்னாங்க டீச்சர்.

"பின்னாடி பெட்டிங்க வருதான்னு பார்க்கறேன் டீச்சர்."

எல்லாம் வந்துட்டுதான் இருந்துச்சு.