நைராவுக்கு ஒரு சிவப்பு சூட்கேஸ்

லா பாஸ் நகரத்தில் மேட்டிலிருந்து இறங்குகிற மினிபஸ்ஸின் வாசலில் தொற்றிக்கொண்டு, "பெரேஸ், பெரேஸ், பிராதோ!" என்று போகிற இடங்களின் பேரை விடிந்ததிலிருந்து தொண்டை கிழியக் கத்துவதுதான் இலாரியோனின் பிழைப்பு. வீட்டுக்குள் நுழைந்தால் ஆள் வாயில்லாப் பூச்சி. பொண்டாட்டி ரூஃபினா நாலு கேள்வி கேட்டால் ஒன்றுக்குப் பதில் வரும், அதுவும் தலையாட்டலாக. இருக்கிற குரலெல்லாம் ரோட்டிலேயே தீர்ந்துவிடும் போல.

மகள் நைரா பிறந்தது ஜனவரி இருபத்துநாலு. ஊரில் குட்டிச் சாமான் சந்தை கூடுகிற நாளும் அதுதான். கட்டைவிரல் அளவு வீடு, அரிசி மூட்டை, லாரி என்று எது வேண்டுமோ அதன் குட்டியை வாங்கி, உச்சிப்பொழுதுக்கு மணி அடிக்கும்போது சாம்பிராணிப் புகை காட்டி, ஒருத்தர் கையில் கொடுக்கவேண்டும். யார் வாங்கிக்கொள்கிறார்களோ அவர்களுக்கு அந்த வருஷத்துக்குள் அது நிஜமாக வந்து சேரும். சிரிக்காதீர்கள், அங்கே வக்கீலும் டாக்டரும்கூட இடித்துப் பிடித்துக்கொண்டு வாங்குகிறார்கள்.

நைராவுக்கு இதயத்தில் ஓட்டை. நாலு எட்டு வைத்தால் உதடு நீலம் பாய்ந்துவிடும். இரண்டாவது பிறந்தநாள் அன்று ரூஃபினா படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினாள்.

"உடம்பு நல்லா இருக்குன்னு டாக்டர் சர்டிபிகேட் குட்டியா விப்பாங்க. அதை மட்டும் வாங்கிட்டு வா. வேற எதையாச்சும் பார்த்துப் பல்லை இளிச்சிக்கிட்டு நிக்காதே."

வாங்கினான். அதோடு திரும்பியிருக்கலாம், பாவி மனுஷன். பிறந்தநாளுக்குக் குழந்தையிடம் ஒரு காகிதத்தையா நீட்டுவது, வாயில் போட்டு மெல்லத்தானே செய்வாள் என்று தோன்றிவிட்டது. நைராவுக்கு எதையாவது திறந்து மூடினால் போதும், நாள் போவது தெரியாது. பர்ஸ், பாட்டில் மூடி, அம்மாவின் பையிலிருக்கிற ஜிப் எல்லாம் அவளுடைய சொத்து. சந்தையில் ஒரு சிவப்பு சூட்கேஸ் கண்ணில் பட்டது. குட்டிக் கொக்கி, உள்ளே நகத்தளவு பாஸ்போர்ட். டிக்கென்று திறந்தது, டிக்கென்று மூடியது. அதையும் வாங்கி, இரண்டுக்கும் புகை காட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

நைரா சூட்கேஸைப் பிடித்துக்கொண்டு கெக்கெக்கென்று சிரித்தாள். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த ரூஃபினாவுக்கு முகம் செத்துவிட்டது.

"யோவ்! நோவாளிப் புள்ளை கையில பயணப் பெட்டியைக் குடுத்திருக்கியே, எங்கய்யா அனுப்பி வைக்கிறே அவளை?"

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ரூஃபினா பெட்டியை வெடுக்கென்று பிடுங்கினாள். குழந்தை வீறிட்டது. பிடுங்கியதை அவன் கையில் திணித்தாள்.

"இப்ப உன் கையால எனக்குக் குடு."

"ரூஃபினா..."

"குடுன்னா குடு! போறதா இருந்தா நான் போறேன்."

கொடுத்தான்.

ஸ்பெயினில் இருக்கும் சித்தி மகள், வயசானவர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை இருக்கிறது வா வா என்று இரண்டு வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளையை விட்டுவிட்டு எங்கே வருவது என்று ரூஃபினா தட்டிக்கழித்தபடி இருந்தாள். ஆபரேஷனுக்கு வேறு வழியில்லை என்று ஆனதும் ஏப்ரலில் கிளம்பிவிட்டாள். நவம்பரில் நைராவுக்கு ஆபரேஷன் ஆனது. உதடு சிவந்தது, படியேறி ஓடினாள். சர்டிபிகேட்டும் பலித்தது, பெட்டியும் பலித்தது. ரூஃபினாவுக்கு அங்கே முறையான காகிதம் இல்லை. ஆபரேஷன் கடன் அடையாமல் வெளியே வந்தால் மறுபடி உள்ளே விடமாட்டார்களாம். போனில் மகளைப் பார்த்துச் சிரிப்பாள், சிரித்துக்கொண்டே இருக்கும்போது போன் அணைந்துவிடும்.

மூன்றாவது பிறந்தநாளுக்கு இலாரியோன் மகளையும் சந்தைக்கு நடத்திக்கொண்டு போனான். பொம்மை வாங்குவதாகத்தான் பேச்சு. ஆனால் கால் போன வருஷம் சூட்கேஸ் வாங்கிய கடையில் போய் நின்றது.

"அம்மா, ஊருக்குத் திரும்பி வர்றதுக்குன்னு எதுவும் இருக்கா?"

கடைக்காரி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "யாரு வரணும், தம்பி?"

"என் சம்சாரம்."

"அதை அவங்க கையிலதானே குடுக்கணும். அவங்கதான் இங்க இல்லையே, ராசா."

அவன் அசந்த நேரம் நைரா ஒரு சிவப்பு சூட்கேஸை எடுத்துவிட்டாள். பக்கத்தில் புகை போட்டுக்கொண்டிருந்தவர், பிள்ளை கையிலிருந்ததைப் பார்த்து அதன்மேலும் ஒரு சுற்றுப் புகையைக் காட்டிவிட்டார். கோயில் மணி அடிக்க ஆரம்பித்தது. ஜனங்கள் ஒருவருக்கொருவர் வீடும் காரும் கொடுத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள்.

நைரா பெட்டியை அவனிடம் நீட்டினாள்.

"இந்தா அப்பா. நீ போய் அம்மாவைக் கூட்டிட்டு வா."

போகவேண்டும் என்று அவனுக்கு ஆசையாக இருந்தது. அந்த ஆசையே அவனுக்குப் பயமாகவும் இருந்தது. இவளை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? நாளெல்லாம் கத்துகிற தொண்டையிலிருந்து வேண்டாம் என்ற ஒரு சொல் வரவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கட்டிக்கொண்டான்.

"வாங்கிக்கோப்பா!"

மணி அடித்து ஓய்ந்தது. அவள் கை நீட்டியபடியே இருந்தது.