மூலையில் வைத்த வாசல்

ஈப்போவில் எங்கள் பழைய தெருவுக்குப் போனால் கடைவீடுகள் ஒரே அச்சில் வார்த்தது போல வரிசையாக நிற்கும். முன்னால் தூண்கள், தூணுக்கு உள்ளே கூரை போட்ட நடை, அதை நாங்கள் ஐந்தடி என்போம். நடுவில் வாசல், வாசலுக்கு இரண்டு பக்கமும் பலகைச் சன்னல். ஒரே ஒரு கடைக்கு மட்டும் வாசல் மூலையில் இருக்கும், தூணின் மறைவில். இப்போது பழைய கட்டடங்களைப் பார்க்க வருகிறவர்கள் அதைப் படம் பிடிக்கிறார்கள். துணி மூட்டை இறக்க வசதியாக அந்தக் காலத்தில் அப்படிக் கட்டினார்கள் என்று ஒரு பெண் கூட்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்த மூலைக்குள் மூட்டையோடு நுழைந்தால் சுவரில்தான் முட்டிக்கொள்ள வேண்டும். இது தெரியப் படிப்பு வேண்டாம்.

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன், மெதுவாகத்தான் வரும். ஆனால் அந்த வாசலைப் பற்றி என்னைவிடத் தெரிந்த யாரும் இன்று உயிரோடு இல்லை. அதனால் நான் சொல்வதுதான் சரி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் ஈயத்துக்கும் ரப்பருக்கும் விலை ஏறியது. பலகையும் அத்தாப்பு ஓலையுமாக இருந்த கடைகளைப் பிரித்துவிட்டுச் செங்கல்லில் எழுப்பினார்கள். தச்சும் கொத்தும் சீனர்கள் கையில். சுண்ணாம்பு குழைப்பதும் கல் சுமப்பதும் எங்கள் பெண்கள். என் அம்மா அதற்கு முன்னால் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவள். அப்பா குடித்துவிட்டு அடித்த ஒரு நாள், என்னைக் கையில் பிடித்துக்கொண்டு ரயிலேறிவிட்டாள். தலையில் அம்மிக்குழவி. கல்லை விட்டுவிட்டுக் குழவியை மட்டும் ஏன் சுமந்து வந்தாய் என்று பின்னாளில் கேட்டேன்.

"கல்லு எங்கயும் கெடைக்கும். கைக்குப் பழகுன குழவி கெடைக்குமா?" என்றாள்.

பகலில் செங்கல் சுமந்தாள். விடியலில் மிளகாயும் மஞ்சளும் அரைத்து, உருண்டை பிடித்து, இலையில் வைத்து விற்றாள். ரயில்வேக்காரர்களும் கடைச் சிப்பந்திகளும் வாங்கிப் போவார்கள். பெண்டாட்டியை ஊரில் விட்டுவிட்டு வந்த ஆண்கள் நிறைந்த ஊர் அது. அரைத்த மசாலாவுக்குக் குறைவில்லாத தேவை. குறைந்ததெல்லாம் இடம்தான். நாங்கள் படுத்தது வேலையாட்களின் கொங்சியில், ஒரு தகரக் கொட்டகையில். கட்டடம் முடிந்தால் அதையும் பிரித்துவிடுவார்கள்.

கட்டடம் ஒரு துணிக்கடை முதலாளிக்காக எழும்பியது. சிவகங்கைப் பக்கத்துக்காரர், நெற்றி நிறைய விபூதி. அம்மாவின் மசாலாவைத்தான் அவரும் வாங்கித் தின்றார்.

"பொண்ணே, கட்டடம் முடியட்டும். மாடிப்படிக்குக் கீழ உள்ள எடம் உனக்குத்தான். அம்மியப் போட்டுக்க, புள்ளையோட படுத்துக்க. கடையக் கூட்டிப் பெருக்கு, போதும்," என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்.

அந்த இடத்தை நான் தினமும் போய்ப் பார்ப்பேன். குனிந்துதான் நுழைய வேண்டும். எனக்கு அது மாளிகை. அது கிடைத்தால் நாங்கள் ஊரில் மனிதர்கள். கிடைக்காவிட்டால் திரும்பவும் தோட்டத்துக்கு, கங்காணியின் காலடிக்கு. இதை அம்மா ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சுமக்கிற கல்லில் இரண்டு கல்லைக் கூட ஏற்றிக்கொண்டாள், அதில் தெரிந்தது.

வாசல் நிலை வைக்கும் நாள் வந்தது. சீனக் கொத்தனார் அவர் பாட்டுக்கு நிலையைச் சுவரில் பொருத்தியிருப்பார். முதலாளி விடவில்லை. நல்ல நேரம் பார்த்து, வாழ்கிற ஒரு பெண் மஞ்சள் பூசிப் பொட்டு வைத்த பிறகுதான் நிலை நிமிர வேண்டும் என்றார். அவர் மனைவி கடலுக்கு அப்பால். ஆகவே என் அம்மாவைக் கூப்பிட்டார். "தாலி இருக்கு, புள்ளை இருக்கு, வேற என்னா வேணும்? நீயே வையி." அம்மா தலைக்குக் குளித்து, மாற்றுச் சேலை கட்டி, கை நிறையப் பச்சை வளையலோடு வந்து, செங்கால் மரத்து நிலையில் மூன்று இடத்தில் பொட்டு வைத்தாள். ஆட்கள் தூக்கி நிறுத்தினார்கள். கற்பூரம் எரிந்தது.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் எங்கள் பழைய தோட்டத்துக் கங்காணி. தீபாவளிக்குத் தோட்டத்துக்கே துணி எடுப்பவர், முதலாளிக்குப் பெரிய வாடிக்கை. நாற்காலி போட்டார்கள். வெற்றிலையை மென்றபடி அம்மாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரு முதலாளி பொட்டு வச்சது? இவளா? இவ புருசன் செத்துப் போயிட்டானே!"

கற்பூரத் தட்டு முதலாளி கையில் அப்படியே நின்றது.

"காய்ச்சல்ல ஆஸ்பத்திரிக்குப் போனான், போனவன் போனவன்தான். நான்தான் தொரைகிட்டச் சொல்லிப் பேர அடிச்சேன். இவ என்னடான்னா தாலியோட மினுக்கிக்கிட்டு நிக்கிறா."

"அண்ணே, எனக்கு யாரும் சொல்லலையே," என்றாள் அம்மா.

"சொல்லாட்டி? செத்தவன் எந்திரிச்சு வருவானா?"

நின்றவர்களில் சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு யார் யாருடையது என்று இன்றும் என்னால் சொல்ல முடியும்.

முதலாளி தட்டைக் கீழே வைத்தார். "தெரிஞ்சேதான வச்ச? எடத்துக்கு ஆசப்பட்டு மறச்சுட்டு வச்ச?"

"சாமி சத்தியமா இல்ல முதலாளி. ஆஸ்பத்திரிக்கு ஒரு ஆள அனுப்பிக் கேளுங்க. கேட்டுட்டு என்ன வேணா செய்யுங்க."

"ஒம் புருசன் பொணத்தத் தேட நான் ஆள் அனுப்பணுமா? நல்லாருக்கே!"

அம்மாவோடு சுண்ணாம்பு குழைத்த ஒரு அக்கா இருந்தாள். ஒரே பானையில் கஞ்சி குடித்தவள். அவள்தான் முதலில் வந்தாள். "வாடி, கையக் குடு," என்று இழுத்து, புதிதாகப் பூசிய தூணில் மோதி வளையல்களை உடைத்தாள். ஒரு பச்சைத் துண்டு ஈரப் பூச்சில் ஒட்டிக்கொண்டது. பூச்சுக்காரன் அதன் மேலேயே கரண்டியைப் போட்டுத் தேய்த்துவிட்டான். தாலிக் கயிற்றை அறுக்க ஒன்றும் அகப்படவில்லை. துணி வெட்டும் கத்தரியை முதலாளியே தம் தற்காலிகக் கடையிலிருந்து எடுத்து வந்து கொடுத்தார். அம்மா ஊளையிட்டாள். அப்பாவுக்காக அழுதாளா, இடத்துக்காக அழுதாளா என்று எனக்குத் தெரியாது. நட்டநடுத் தெருவில் நின்று அழுதாள்.

அன்று மாலையே நிலையைப் பெயர்த்தார்கள். வேறு மரத்தில் வேறு நிலை வந்தது. மாடிப்படிக்குக் கீழே இருந்த இடம் அந்த அக்காவுக்குப் போனது. பெயர்த்த நிலை பின்சந்தில் கிடந்தது. செங்கால் மரம் லேசில் எரியாது, அறுக்கவும் முடியாது, தீட்டுப்பட்டது என்று யாரும் தொடவுமில்லை. அம்மா அதை இழுத்துக்கொண்டு தெருவைக் கடந்தாள். நான் மறுமுனையைத் தள்ளினேன்.

எதிர் வரிசையில், துணிக்கடைக்கு நேர் முன்னால், ஒரு சீன முதலாளியின், எங்கள் பேச்சில் தவுக்கேயின், இரும்புக்கடை. ஈயலம்பத்துக்கு, அதாவது ஈயச் சுரங்கத்துக்கு, மண்வெட்டியும் ஈயம் அலசும் மரத்தட்டும் விற்பவர். அம்மா அவர் ஐந்தடியைக் காட்டிக் கேட்டாள். அவர் அம்மாவுக்கு அந்த அக்கா கட்டிவிட்ட வெள்ளைச் சேலையைப் பார்த்தார், நிலையைப் பார்த்தார், "டுடோக் லா," என்றார். மலாயில் உட்காரு என்று அர்த்தம். மசாலாவில் தினம் ஒரு உருண்டை கேட்டார், அவ்வளவுதான். தாலி அறுத்தவளைக் கண்டு அவருக்கு ஒரு பயமுமில்லை.

அந்த நிலையைப் படுக்கப் போட்டு, அதன் மேல் அம்மியை ஏற்றினாள் அம்மா. கட்டடம் முடிந்து கடை திறந்த முதல் நாள் விடியலில் முதலாளி பலகையைத் திறந்தார். எதிரே வெள்ளைச் சேலையில், வெறும் நெற்றியோடு, அவருடைய நிலையின் மேலேயே மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். அவர் சட்டென்று பலகையை மூடினார். அம்மா குழவியை நிறுத்தவில்லை.

அப்புறம் ஒரு நாள்கூட விட்டதில்லை. காய்ச்சலானாலும் வருவாள். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு திறந்து பார்த்தார். முதுகைக் காட்டித் திறந்து பார்த்தார். சாமி படத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு வந்து, படியில் தடுக்கி விழுந்தார். வியாபாரம் உண்மையிலேயே படுத்ததா, படுத்ததென்று அவர் நினைத்தாரா தெரியாது. பயந்தவன் கடைக்கு யார் வருவார்கள்?

தெருவைக் கடந்து வந்து கேட்டார். "பொண்ணே, கொஞ்சம் தள்ளித்தான் ஒக்காரேன். தெரு நீளமாத்தான இருக்கு?"

"தவுக்கே ஐந்தடி, தவுக்கே சொன்ன எடம். நீங்க வேணா தள்ளிப் போங்களேன் முதலாளி."

ஆறு பெருகி ஊருக்குள் வந்து வடிந்த பிறகு, சுவரெல்லாம் சேற்றுக்கோடு காயாத நாளில், மண்வெட்டி வாங்க ஓர் ஆள் இரும்புக்கடைக்கு வந்தார். கோப்பேங் பக்கத்து ஈயலம்பத்தில் கூலி. வெளியே வந்தவர் எங்களைப் பார்த்து நின்றுவிட்டார். எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. என் அப்பா.

அவர் என்னைப் பார்க்கவில்லை. சேலையைத்தான் பார்த்தார்.

"யாருக்குடி வெள்ள?"

அம்மா குழவியை நிறுத்தாமல் சொன்னாள், "உங்களுக்குத்தான்."

நடந்தது இதுதான். ஆஸ்பத்திரியில் காய்ச்சல் விட்டதும் தோட்டத்துக்குத் திரும்பப் பிடிக்காமல் ஓடியிருக்கிறார். ஆள் ஓடிவிட்டது என்று சொன்னால் துரை கங்காணியைத்தான் பிடிப்பார். செத்துவிட்டது என்றால் கேள்வி கிடையாது. ஆகவே எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் ஓடிப்போனவர்கள் பலரும் செத்துத்தான் போனார்கள். கங்காணி அதைச் சொல்லிச் சொல்லி அவரே நம்பிவிட்டாரோ என்னவோ.

சத்தம் கேட்டு முதலாளி செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தார். அந்த மனிதர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. மஞ்சள் கயிறு, குங்குமம், கடையிலேயே நல்ல சேலை ஒன்று, அப்பாவுக்கு ஒரு வேட்டி, எல்லாம் கையில்.

"ஆத்தா, சாமி கண்ணத் தொறந்துருச்சு! இப்பவே கட்டிக்க. அந்த எடம் உனக்குத்தான், அவள நாளைக்கே அனுப்பிடுறேன். என் வாசலுக்கு நீயே வந்து மஞ்ச பூசு."

அப்பா அதற்குள் வேட்டியை வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

அம்மா கையை அலம்பினாள். அவசரமே இல்லை. "இத்தன நாளு வர வழி தெரியலியா?" என்றாள்.

"வந்தா கங்காணி புடிச்சுக்குவான்னு பயந்தேன்."

"செத்தவன யாரு புடிப்பா?"

பிறகு முதலாளி பக்கம் திரும்பினாள். "அன்னைக்கு ஒரு ஆள அனுப்பிக் கேளுங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டேன். கேட்டீங்களா? ஒங்க கத்தரியில அறுத்தது முதலாளி. எம் புருசன் செத்துட்டாரு. இந்த ஆள எனக்குத் தெரியாது."

"பாப்பா," என்றார் அப்பா என்னைப் பார்த்து. நான் மிளகாய்க் கையோடு எழுந்தேன்.

"ஒக்காரு," என்றாள் அம்மா.

உட்கார்ந்தேன். கண் எரிந்தது, துடைக்க முடியவில்லை.

அப்பா மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு போனார். வேட்டியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு தவுக்கே கடைக்குச் சாமான் எடுக்க வரும்போதெல்லாம் எங்களிடம் ஒரு உருண்டை மசாலா வாங்குவார், மற்றவர்களைப் போல நின்று. அம்மா முகம் பார்க்காமல் இலையில் வைத்துக் கொடுப்பாள்.

அந்த மாதமே முதலாளி கொத்தனாரைக் கூப்பிட்டு நடு வாசலைச் செங்கல் வைத்து அடைத்தார். தெருவில் யாரும் செய்யாத வேலை. மூலையில், தூண் மறைக்கிற இடத்தில், சுவரை இடித்துப் புது வாசல் வைத்தார். வேலை முடியும்வரை அம்மா அரைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். பூச்சு காய்ந்த அன்று மாலை என்னைக் கூப்பிட்டாள். நிலையின் மறுமுனையை நான் பிடித்தேன். ஒரு தூண் தள்ளி, புது வாசல் நேராகத் தெரிகிற இடத்தில் போட்டோம்.