கிணற்றுக்குள் பதிந்த கிட்டார்

அண்ணையின் இசைத்தொகுப்பு நன்றாக வரவில்லை. உடன்பிறந்தவர் என்பதற்காக இதை நான் மென்மையாக்கி எழுதப் போவதில்லை. எதையும் நடந்த நாளோடு குறித்து வைப்பது என் பழக்கம். குளிர்சாதனப் பெட்டிக்குள் போகும் மீன் பொதியில்கூடத் திகதி எழுதுவேன். அதனால்தான் பதிவு வேலையை என்னிடம் தந்தார்.

டென்மார்க்கில் உணவகச் சமையலறைகளில் பாதி வாழ்நாள் நின்றுவிட்டு, போன வருடம் புரட்டாதியில் யாழ்ப்பாணத்து அரியாலைக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தார். வலக்கை விரல்களில் விறைப்பு தொடங்கியிருந்தது. மருந்து அதை மெதுவாக்கும், நிறுத்தாது என்று அங்கே மருத்துவர் சொல்லியிருந்தார். கை ஓய்வதற்கு முன் ஒரே ஒரு தொகுப்பு, குறையில்லாமல். அதற்காகவே வந்தார். இதை அவர் வாயால் சொன்னது ஒருமுறைதான்.

அவர் வாசித்தது சர்ஃப் கிட்டார். அலையின் மேல் பலகையில் சறுக்குபவர்களைச் சுற்றி அமெரிக்கக் கரையொன்றில் உருவான இசை. அதில் பாடும் குரல் கிடையாது. வலக்கை ஒரே தந்தியை விடாமல், மிக வேகமாக அடித்துக்கொண்டு போகும். அதற்கு மேல் ஈரமான ஓர் எதிரொலி படர்ந்திருக்கும். எதிரொலி சரியில்லாவிட்டால் மிஞ்சுவது வெறும் கம்பிச் சத்தம்தான்.

"எங்கடை கடலிலை அலை கணுக்காலைக்கூட நனைக்காது. உதை எங்கை பழகினாய்?" என்று என் கணவர் கேட்டார்.

"குசினியிலை, மச்சான். அங்கை மட்டும் அலையே அடிச்சது? கூட வேலை செய்தவன் ஒருத்தன் வாசிப்பான்" என்றார் அண்ணை.

எதிரொலியைத் தருவது ஒலிபெருக்கிக்குள் இருக்கும் சுருள்கம்பிகள். கப்பலில் வந்த பெட்டியைத் திறந்தபோது அவை அறுந்து கிடந்தன. கணினியிலேயே எதிரொலி சேர்க்கலாம் என்று வாசித்துவிட்டுச் சொன்னேன். பவுடர் பாலில் போட்ட தேத்தண்ணி மாதிரி இருக்கும் என்றார். சில நாட்கள் கழித்துக் கிணற்றடியிலிருந்து கூப்பிட்டார்.

"பிள்ளை, இஞ்சை வா. உதுக்குள்ளை கத்து."

"என்னெண்டு கத்திறது?"

"ஏதாவது கத்து. மச்சானைத் திட்டு."

திட்டினேன். என் குரல் கல்லில் பட்டுப் பட்டு, நீண்டு, ஈரமாகத் திரும்பி வந்தது. "கேக்குது, கேக்குது" என்றார் கணவர் வீட்டுக்குள்ளிருந்து. அண்ணை அன்று சிரித்ததுபோல் அதன் பிறகு நான் பார்க்கவில்லை.

ஒலிபெருக்கியை ஒரு கயிற்றிலும் ஒலிவாங்கியை இன்னொரு கயிற்றிலும் இறக்கினோம். அண்ணை விறாந்தையில் இருந்து வாசிப்பார். கிணற்றுச் சத்தம் பிந்தி வந்து கையைக் குழப்பும் என்பதால் காதுக்கருவியில் கிட்டாரின் வெறும் ஒலியை மட்டும் கேட்டார். கிணற்றுக்குள்ளிருந்து வந்ததை மட்டும் நான் மடிக்கணினியில் பதிந்து திகதி போட்டேன். வெறும் ஒலியையும் தனியாகப் பதிந்து வைத்திருந்தால், அதைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் கிணற்றுக்குள் ஒலிக்கவிட்டுத் திரும்பப் பதிந்திருக்கலாம்; இந்தக் கட்டுரைக்குத் தேவையே இருந்திராது. அது எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

ஐப்பசி, கார்த்திகையில், மழை விட்ட பொழுதுகளில் முதல் மெட்டுகளைப் பதிந்தோம். தையோடு விறைப்பு கூடியது. மிச்சத்தைச் சித்திரைக்கும் ஆடிக்கும் இடையில், நல்ல நாள் பார்த்துப் பார்த்து முடித்தார். ஒவ்வொன்றையும் பதிந்த கையோடு மடிக்கணினியின் சின்ன ஒலிபெருக்கியில் கேட்டு, விரல் எங்காவது பிழைத்ததா என்று மட்டும் பார்த்தோம்.

ஆடிக் கடைசியில் பெரிய ஒலிபெருக்கியில் முழுவதையும் தொடர்ச்சியாகப் போட்டோம். கணவர் சாய்மனைக் கதிரையில் இருந்தார்.

"மச்சான், பாட்டுக்காரன் எப்ப வருவான்?"

"வரமாட்டான்."

"ஏன், சம்பளம் குடுக்கேல்லையோ?"

அண்ணை வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் எனக்கும் கேட்டது. முதல் மெட்டுகள் வாளிக்குள் வாசித்ததுபோல் அடைத்துக் கிடந்தன. பிந்தியவற்றில் நான் திட்டியபோது வந்த அதே எதிரொலி இருந்தது. ஆனால் கை தடுமாறித் தடுமாறி நடந்தது. நான் திகதிகளைச் சொல்லிக்கொண்டு வந்தேன். ஐப்பசி, கார்த்திகை என்றதும் எழுந்து கிணற்றடிக்குப் போனார்.

மழைக்குக் கிணறு நிரம்பும், வெயிலுக்கு இறங்கும். யாழ்ப்பாணத்தில் பிறந்த எவருக்கும் இதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிற வீட்டில் யார் எட்டிப் பார்க்கிறார்கள்? ஒலிபெருக்கி நனையாதபடி கயிற்றை ஒவ்வொரு முறையும் மேலே இழுத்துக் கட்டியவர்கள்கூட நாங்கள்தான். தண்ணீர் ஏறியதைக் கண்டோம். எதிரொலிக்கு இருந்த இடம் சுருங்கிவிட்டதை நினைக்கவில்லை.

கை நன்றாக இருந்தபோது கிணறு நிறைந்திருந்தது. கிணறு இறங்கியபோது கை போய்விட்டது.

ஆவணியில், நல்லூர்க் கோயிலில் கொடி ஏறியிருந்த திருவிழா நாட்களில், முதல் மெட்டைத் திரும்பப் பதிய வேண்டும் என்றார். கிணறு அப்போது மிக ஆழமாக இருந்தது. கயிற்றை முழு நீளத்துக்கும் இறக்கினேன். அவர் தொடங்கினார், நின்றார். மீண்டும் தொடங்கினார். வேகமாக ஓடவேண்டிய இடத்தில் விரல்கள் ஒவ்வொன்றாக, எடுத்து வைத்ததுபோல் விழுந்தன. கிணறு ஒவ்வொரு பிழையையும் அழகாக நீட்டித் திருப்பித் தந்தது. கிட்டாரை மடியில் படுக்க வைத்துவிட்டு வலக்கையை இடக்கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னொருக்காப் பாப்பமோ, அண்ணை?"

"வேண்டாம். பழசை அப்பிடியே இணையத்திலை போட்டுவிடு."

"பிழை எண்டு தெரிஞ்சுகொண்டோ?"

"ஓம். என்னட்டை வேறை என்ன கிடக்கு?"

அன்று பின்னேரமே போட்டேன். டென்மார்க்கிலிருந்து அவருடைய மகள் ஒரு பூப்படம் அனுப்பினாள். வேறு யாரும் எதுவும் எழுதவில்லை. அண்ணை அதைப் பற்றிக் கேட்பதும் இல்லை. கிட்டார் பெட்டிக்குள் போய்விட்டது.

நான் முதல் மெட்டை மட்டும் சில நாட்களில் கேட்கிறேன். அந்த அடைப்புக்கு அடியில், மிகவும் கூர்ந்து கேட்டால், அவருடைய கை ஓரிடத்திலும் பிசகாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அவ்வளவு சிரமப்பட்டுக் கேள் என்று இன்னொருவரிடம் சொல்ல முடியாது. என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை.