கல்லறையில் வேறு மூலை

சித்தூர் மிஷன் பள்ளி விடுதியில் சமையல் செய்துவந்த எப்சிபாளுக்கு, இறந்தவர்கள் உயிர்த்தெழுவார்கள் என்பதில் துளியும் சந்தேகம் இல்லை. 1934-ல் அவள் நிம்மதி கெட்டதற்கு அதுதான் காரணம். கல்லறைத் தோட்டத்தில் அவளுக்கென்று சபையார் ஒதுக்கிய இடத்துக்குப் பக்கத்து இடம் அவள் நாத்தனார் யூனிஸுக்கு. யூனிஸின் ஆடு எப்சிபாளின் கல்யாணப் புடவையை மென்று தீர்த்த நாளிலிருந்து இருவருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது.

நேராகப் போதகரிடம் போனாள்.

“ஐயரே, எனுக்கு வேற மூலையில இடம் குடுங்க.”

“செத்த பிறகு எங்க படுத்தா என்னம்மா?”

“படுக்கறத யாரு சொன்னா? கடைசி நாள்ல எக்காளம் ஊதனா எழுந்துக்கணுமே! கண்ணைத் தொறந்ததும் அவ மூஞ்சியிலயா முழிக்கறது?”

போதகர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “இடத்தை மாத்திடலாம். எழுந்த பிறகு ரெண்டு பேரும் ஒரே ஆண்டவர்கிட்டதானே போகணும்? அங்க எந்த மூலைக்குப் போவீங்க?”

எப்சிபாள் திரும்பி நடந்தாள். முடிவே இல்லாத காலம் முழுக்க யூனிஸ்! வழியெல்லாம் யோசித்துப் பார்த்தாள், தப்பிக்க வழியில்லை. வீட்டுக்குப் போய் மொச்சைக்கொட்டைக் குழம்பை ஒரு சட்டியில் ஊற்றிக்கொண்டு யூனிஸின் வாசலில் போய் நின்றாள்.

“இன்னா அண்ணி, வழி தப்பி வந்துட்டியா?” என்றாள் யூனிஸ்.

“எப்பிடியும் உங்கூடத்தான் எழுந்துக்கப் போறேன். இப்பவே பழகிக்கினா நல்லதுன்னு வந்தேன். துன்னு.”

யூனிஸ் தின்று பார்த்து, “உப்பு கம்மி,” என்றாள். எப்சிபாள் பல்லைக் கடித்துக்கொண்டு உப்பு எடுக்க உள்ளே போனாள்.

அந்த ஈஸ்டர் விடியற்காலை ஆராதனைக்கு இருவரும் ஒரே ஜட்கா வண்டியில் வந்தார்கள். இறங்கும்வரை சண்டை ஓயவில்லை.