யாரும் சாப்பிடாத நாவல்பழ ஐஸ்

திருவள்ளூரில் மூன்று ஆடி மாதங்கள் நாவல்பழ ஐஸ் விற்றது. அதை ஒருவரும் சாப்பிடவில்லை. இரண்டுமே உண்மை என்று ஊர்ப் பெரியவர்கள் உறுதியாகச் சொல்வதால், நாமும் இரண்டையும் ஏற்றுக்கொண்டு மேலே போவோம்.

விற்றவன் பெயர் தேசப்பன். பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்தில் பிறந்தவன். அப்பா, அண்ணன்மார் எல்லோரும் வலை வீசுகிறவர்கள். தேசப்பனுக்கு மட்டும் படகில் ஏறினால் தலை சுற்றும். கொஞ்ச காலம் கரையிலேயே நின்று பார்த்துவிட்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் ஒரு மீன் லாரியில் ஏறித் திருவள்ளூரில் இறங்கிவிட்டான். பச்சையம்மாளைக் கட்டிக்கொண்டு மணவாள நகரில் குடியேறினான். சைக்கிள் கேரியரில் நீலப் பெட்டி வைத்துக் குச்சி ஐஸ் விற்கத் தொடங்கினான்.

பழவேற்காட்டுக்காரன். ஐஸ் விற்கிறான். ஊர் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. மீன்மேல் கொட்டி வந்த ஐஸைத்தான் கழுவிச் சாயம் போட்டுக் குச்சி செருகுகிறான் என்று முடிவு செய்ய ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்காக யாரும் வாங்காமல் இல்லை. முகர்ந்து பார்த்தார்கள், வாங்கினார்கள், மறுபடி முகர்ந்தார்கள்.

ஒருநாள் ஸ்டேஷன் வாசலில் கம்பவுண்டர் சுப்பராயன் ஐஸை மூக்கருகே வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"இன்னாப்பா தேசப்பா, மீன் வாடையே அடிக்கலியே."

"அடிக்கலன்னா நல்லதுதானே நைனா?"

"அதான் டவுட்டா கீது. வாடையே வராத அளவுக்கு அப்டி இன்னாத்தப் போட்ட?"

இப்படிப்பட்ட ஊரில் தேசப்பனுக்கு ஓர் ஆசை இருந்தது. கோட்டை கட்டுகிற ஆசையெல்லாம் இல்லை. யாராவது ஒருவர், ஒரே ஒருவர், நடுத்தெருவில் நின்று நாலு பேர் காதில் விழும்படி, "தேசப்பன் ஐஸ் சாப்பிட்டேன், நன்றாக இருந்தது" என்று சொல்ல வேண்டும். குப்பத்தில் அண்ணன்மாருக்குக் கிடைக்காத பெயர் தனக்குக் கிடைக்க வேண்டும். அவ்வளவுதான்.

அதற்காகக் கண்டுபிடிக்கப்பட்டதுதான் நாவல்பழ ஐஸ். சோழவரம் ஏரிப் பக்கமிருந்து பழம் வரும். பச்சையம்மா அதைக் கொட்டை நீக்கிப் பிசைந்து, பனைவெல்லம் சேர்த்துக் காய்ச்சிக் கொடுப்பாள். தேசப்பன் அந்தச் சாற்றை ஐஸ் கம்பெனிக்கு எடுத்துப்போய் அச்சில் ஊற்றச் சொல்லி, உறைகிற வரைக்கும் பக்கத்திலேயே குந்தியிருப்பான். கம்பெனிக்காரர்கள் தன் சாற்றில் தண்ணீர் விளாவிவிடுவார்கள் என்று அவனுக்குச் சந்தேகம். இவன் எதையோ திருட வந்திருக்கிறான் என்று அவர்களுக்குச் சந்தேகம். இரு தரப்பும் ஒருவரையொருவர் பார்த்தபடி இருக்க, இடையில் ஐஸ் உறைந்தது.

ருசியைப் பற்றி நம்மால் ஒன்றும் சொல்ல முடியாது, யாரும் சாப்பிடவில்லை அல்லவா. நிறத்தைப் பற்றிச் சொல்லலாம். அதைத் தின்றவன் நாக்கு மறுநாள் காலைவரை கத்தரிக்காய் நிறத்தில் இருக்கும். இது நல்ல விளம்பரம் என்று தேசப்பன் முதலில் சந்தோஷப்பட்டான். பாவம்.

குளத்தங்கரைத் தெருவில் வேங்கடேசன் என்றொருவர் இருந்தார். கோயில் மடைப்பள்ளியில் தலைமுறை தலைமுறையாகத் தளிகை செய்கிற குடும்பம். ஒரு சொட்டு நாக்கில் பட்டால் புளி புதுசா பழசா என்று சொல்லிவிடுவார். தெரு நலச் சங்கத்துக்கும் அவர்தான் காரியதரிசி. தேசப்பனுடைய ஐஸைக் கையாலும் தொடக் கூடாது என்று தெருவுக்கு முதலில் எடுத்துச் சொன்னவரும் அவரே. ஓர் ஆடி மாதச் சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழைந்து, மனைவி மரகதவல்லி கேட்ட எதற்கும் "ம்", "ம்ஹும்" என்று மட்டும் பதில் சொன்னார்.

"ஏன்னா, பல்வலியா?"

"ம்ஹும்."

"மௌன விரதமா? இன்னிக்கு ஏகாதசிகூட இல்லையே. எங்கே, நாக்கை நீட்டுங்கோ."

நீட்டினார். மரகதவல்லி விளக்கை எடுத்துவந்து பார்த்தாள்.

"கஷாயம் சாப்பிட்டேன்டி," என்றார் வேங்கடேசன்.

"என்ன கஷாயம்?"

"கம்பவுண்டர் கொடுத்தான்."

"அவர் நாக்கும் இதே கலர்லதான் இருக்காம். அவருக்கு யார் கொடுத்தாளாம்?"

செய்தி தெருவில் பரவியது. அதன்பிறகு திருவள்ளூரில் நாக்குச் சோதனை குடும்ப வழக்கமாயிற்று. கணவன்மார் வாசற்படியில் செருப்பைக் கழற்றுமுன் நாக்கைக் காட்ட வேண்டியிருந்தது. வெற்றிலை வியாபாரம் கூடியது, சிவப்பைப் போட்டு ஊதாவை மறைக்கத்தான். கடைவீதியில் நண்பர்கள் சந்தித்தால் உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார்கள். வெளியூர்க்காரர்கள் திருவள்ளூர் ஜனங்கள் மிகவும் அடக்கமானவர்கள் என்று சொல்லிக்கொண்டு போனார்கள்.

இந்த நிலைமையில், அறுபத்தேழாம் வருஷம், ஆடி அமாவாசையன்று குளத்தங்கரையில் பெட்டி வைத்துக்கொள்ளத் தேசப்பன் சங்கத்திடம் இடம் கேட்டான். அன்று ஊர் கொள்ளாத கூட்டம் வரும். வெளியூர்க்காரனாவது ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லமாட்டானா என்று அவனுக்கு ஒரு கணக்கு.

சங்கம் பஜனை மண்டபத்தில் கூடியது. வேங்கடேசன் வாயைத் துண்டால் மூடிக்கொண்டு தீர்மானத்தைப் படித்தார். இடம் தரலாம். ஆனால் நாவல்பழ ஐஸில் மீன் சம்பந்தம் இருப்பதாகப் பலத்த சந்தேகம் நிலவுவதால் அதை அடியோடு நிறுத்திவிட வேண்டும். வெள்ளை ஐஸ் மட்டும் விற்கலாம்.

பின்வரிசையில் நின்ற பச்சையம்மா கேட்டாள்: "துன்னாதவங்களுக்கு எப்டி சாமி சந்தேகம் வந்துச்சி? இங்க குந்திக்கினு கீற அல்லாரும் ஒருதபா நாக்கக் காட்டுங்க. ஒரு நாக்கு வெள்ளையா இருந்தா, நாங்க ரெண்டு பேரும் இன்னிக்கே குப்பத்துக்குப் போய்டறோம்."

மண்டபத்தில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. 'ஆம்' என்று சொல்லவும் வாயைத் திறக்க வேண்டும் என்பதால் எல்லோரும் கையைத் தூக்கினார்கள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

"இன்னாய்யா, ஒத்துக்கினியா?" என்றாள் பச்சையம்மா வெளியே வந்ததும்.

"ஒத்துக்காம? தலை சுத்துற படகுக்கா திரும்பிப் போவ சொல்ற?"

வெள்ளை ஐஸ் பிரமாதமாக விற்றது. எவன் தின்றான், எவன் தின்னவில்லை என்று எந்த மனைவியாலும் கண்டுபிடிக்க முடியாத ஐஸ் விற்காமல் என்ன செய்யும்? தேசப்பன் மட்டும் பெட்டியை மூடும்போதெல்லாம் எதையோ உள்ளே வைத்து மூடுகிறவனைப்போல் மூடினான். மீன் ஐஸ் என்ற பெயர் தீர்மானத்தில் ஏறி நிலைத்துவிட்டது.

பிறகுதான் ஊருக்கு ஒரு புது வியாதி தொடங்கியது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் வரப்போவதாகப் பேச்சு எழுந்த காலத்தில், திருவள்ளூர் ஆண்கள் ஒவ்வொருவராகப் பெட்டியருகே வந்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்கள்.

"ஏம்பா, அந்தப் பழைய நாவப்பழம் இப்ப வர்றதில்ல?"

"நீங்க அத துன்னதே இல்லியே நைனா."

"துன்னவன் சொல்லக் கேட்டிருக்கேன்."

"யாரு துன்னாங்க? பேரு சொல்லுங்க."

பெயர் யாரும் சொல்லவில்லை. இவனைச் சங்கம்தான் வேவு பார்க்க அனுப்பியிருக்கிறது என்று தேசப்பன் ஒவ்வொருவரையும் சந்தேகப்பட்டு, வெள்ளை ஐஸைக் கொடுத்து அனுப்பினான்.

எழுபத்தொன்றில் ஆடி அமாவாசை. குளத்தங்கரையில் கால் வைக்க இடமில்லை. வேங்கடேசன் மடைப்பள்ளியிலிருந்து வேர்த்து விறுவிறுத்து வந்து மனைவியோடு நின்றார். மரகதவல்லி கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராகப் பெட்டியிடம் வந்தாள்.

"தேசப்பா, இன்னும் எத்தனை வருஷம் இந்த வெள்ளையையே விப்பே? நாவல்பழம் போடேன். அதுல ஒரு நாளும் மீன் வாடை வந்ததில்லை. ரொம்ப நன்னா இருக்கும்."

தேசப்பன் இத்தனை வருஷமாகக் காத்திருந்த வாக்கியம் இதுதான். கேட்டதும் அவன் செய்த முதல் காரியம், அவள் முதுகுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தது.

"யாரு சொல்லி அனுப்புனாங்கம்மா? உங்க நாக்கு ஒருநாளும் ஊதாவா இருந்ததா யாரும் சொன்னதில்லியே."

"எங்காத்துல பாத்திரம் தேய்க்கிற விக்டோரியா சொம்பு எடுத்துண்டு வந்து வாங்கிண்டு போவாளே, யாருக்குன்னு நினைச்சே? உருக விட்டு, அண்ணாந்து தொண்டைக்குள்ள ஊத்திண்டா நாக்கு எப்படி ஊதாவாகும்? எங்க தெரு பொம்மனாட்டிகள் எல்லாரும் அப்படித்தான்."

வேங்கடேசன் மனைவியைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர இயலாது.

"அப்ப ருசி சொல்லுங்க பாக்கலாம்," என்றான் தேசப்பன் விடாமல்.

"முதல்ல துவர்ப்பு. அப்புறம் வெல்லம். கடைசியா லேசா உப்பு."

பச்சையம்மா தேசப்பனைத் திரும்பிப் பார்த்தாள். சாற்றில் அவள் உப்புப் போடுகிற விஷயம் அவனைத் தவிர யாருக்கும் தெரியாது.

"லேசா உப்பாவது?" என்று அப்போது ஒரு குரல் எழுந்தது. வேங்கடேசன்தான். பிறவிச் சமையற்காரரால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. "நன்னாவே தூக்கலா இருக்கும். கல்லுப்பைப் போட்டா அப்படித்தான். இந்துப்புன்னா எடுப்பா இருந்திருக்கும்."

"உப்பு கரீட்டாத்தான் இருந்திச்சி சாமி," என்றார் கூட்டத்திலிருந்த கம்பவுண்டர் சுப்பராயன். "வெல்லம்தான் கம்மி."

"வெல்லமா கம்மி? அறுபத்தஞ்சுல போட்டது சாப்ட்டியா நீ? பாயசம் மாதிரி இருந்துச்சி," என்றது கூட்டத்தில் இன்னொரு குரல்.

"அறுபத்தஞ்சுல பழமே சரியில்லப்பா."

சங்க உறுப்பினர்கள் எல்லோரும் அங்கே இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு குறை இருந்தது. குச்சி குட்டை, சீக்கிரம் உருகும், இரண்டாம் வருஷத்தில் புளிப்பு அதிகம். வேண்டுதலுக்காகக் குளத்தில் கரைக்க வெல்லம் கொண்டுவந்த வெளியூர்க்காரர்கள் சுற்றி நின்று கேட்டார்கள். தேசப்பன் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தான். இவ்வளவு குறை சொன்னவர்களில் ஒருவர்கூட மீன் என்ற பேச்சை எடுக்கவில்லை.

"நாளைக்கே போடறேன்," என்றான் தேசப்பன், பெட்டியைத் தட்டி எல்லோரையும் அமர்த்திவிட்டு. "துன்னவங்க அல்லாரும் வாங்க. ஆனா சொல்லிட்டேன், உப்ப மட்டும் கொறைக்க மாட்டேன்."