கூடத்தில் தொங்கிய பல்கலைக்கழகம்

கீழ்க்கட்டளையில் வீடு கட்டிக் குடிவந்த புதிதில், கூடத்துச் சுவரில் சாமி படம் ஏறுவதற்கு முன்பே அப்பா ஒரு கட்டடத்தின் படத்தை மாட்டினார். அம்மாவுக்கு ஆறவேயில்லை. "புது வீட்டுல முதல்ல ஆபீஸைக் கொண்டுவந்து மாட்டற ஆள் உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்" என்றாள். அப்பா ஆணியை அசைத்துப் பார்த்தபடி சிரித்துக்கொண்டார்.

அது அப்பா வேலை பார்த்த பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடம். வெள்ளைக்காரன் காலத்தில் யாரோ வரைந்து அச்சடித்தது. கோபுரங்கள், வளைவுகள், வாசலில் ஒரு குதிரை வண்டி, குடை பிடித்த ஒரு துரைசாணி. படிக்கிற பிள்ளை என்று ஒன்றுகூட அதில் கிடையாது. ஆபீசுக்கு வெள்ளையடித்தபோது ஒதுக்கிப் போட்ட சாமான்களோடு கிடந்ததை அப்பா மேலதிகாரியிடம் கேட்டு வாங்கினார். மின்சார ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்து, பல்லாவரத்தில் புதுச் சட்டமும் கண்ணாடியும் போட்டார். ஒரு மூலை ஈரம் பட்டுப் பழுப்பேறியிருந்தது. மற்றபடி நல்ல படம்தான், பொய் சொல்லக் கூடாது.

அப்பாவுக்கு அங்கே தபால் பிரிவில் வேலை. வருகிற கடிதத்துக்கு எண் போடுவார், போகிற கடிதத்துக்கு ஸ்டாம்பு ஒட்டுவார். விடைத்தாளை அவர் கண்ணால்கூடப் பார்த்தது கிடையாது. ஆனால் கூடத்தில் அந்தப் படத்தைப் பார்த்தவர்களிடம் இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? இவ்வளவு பெரிய கட்டடத்தை வீட்டில் மாட்டியிருப்பவருக்கு உள்ளே செல்வாக்கு இல்லாமலா போகும் என்று முடிவு கட்டிவிட்டார்கள். வருஷா வருஷம் பரீட்சை முடிந்ததும் கோவிலம்பாக்கத்திலிருந்தும் மேடவாக்கத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள். பிள்ளையின் ஹால் டிக்கெட் நம்பரை ஒரு சீட்டில் எழுதி இரண்டு கையாலும் நீட்டுவார்கள். "கொஞ்சம் சொல்லி வையுங்க சார்."

என்னால் முடியாது என்று சொல்கிற வாய் அப்பாவுக்கு இல்லை. சொன்னால் பாவம், மனசு கஷ்டப்படுவார்கள் என்பார். அது பாதி உண்மை. சொல்லிவிட்டால் அடுத்த முறை பஸ் ஸ்டாப்பில் யாரும் எழுந்து இடம் தரமாட்டார்கள், அது மீதிப் பாதி. சீட்டை வாங்கி, மூக்குக் கண்ணாடி போட்டுப் படித்து, எழுந்துபோய் அந்தப் படத்துக்குப் பின்னால் செருகுவார். கரண்ட் பில், கல்யாணப் பத்திரிகை எல்லாமே எங்கள் வீட்டில் படத்துக்குப் பின்னால்தான் போகும். வந்தவர்களுக்கோ சீட்டு நேராகப் பல்கலைக்கழகத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்ட நிம்மதி. பிள்ளை தேறினால் ஸ்வீட்டும் வாழைப்பழமும் வரும். தேறாவிட்டால், "பய ஒண்ணும் எழுதல, சார் இன்னா பண்ணுவாரு" என்று அவர்களே சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். அந்த ஸ்வீட்டை நானும்தான் தின்றேன்.

எதிர்வீட்டுப் பெண் என் வயது. தாம்பரம் பக்கத்தில் ஒரே கல்லூரியில் இரண்டு பெண்களும் பி.எஸ்சி. கணிதம். அப்பா இல்லாத பெண். அம்மா குரோம்பேட்டையில் தோல் கம்பெனிக்கு வேலைக்குப் போய்ப் படிக்கவைத்தாள். கணக்கில் அவள் கெட்டி. பஸ்ஸில் நின்றுகொண்டே எனக்குச் சொல்லிக்கொடுப்பாள். அவளுடைய தாய்மாமன் கல்குவாரியில் லாரி ஓட்டினார். அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். டிகிரி முடித்து பேங்க் பரீட்சை எழுத அவள் அம்மா சம்மதித்திருந்தாள். ஆனால் நடுவில் எங்கே கோட்டை விட்டாலும் மாமனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும், அதுதான் பேச்சு.

கடைசி வருஷ ரிசல்ட் வந்தது. அவளிடம் கேட்டுக் கேட்டுப் படித்த நான் தேறினேன். அவளுக்கு ஒரு பேப்பரில் மூன்று மார்க் குறைவு. எல்லாம் சரியாகத்தான் எழுதினேன், எங்கேயோ கூட்டலில் விட்டிருக்கிறார்கள் என்று தலையில் அடித்துக்கொண்டாள். மறுமதிப்பீட்டுக்குப் பாரம் நிரப்பி மனுப் போட வேண்டும் என்றாள். அன்று சாயங்காலமே அவள் அம்மா அவளையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"இது ஏதோ பாரம் போடணும்ங்குது சார். எனக்கு இன்னா தெரியும்? உங்களாண்ட சொன்னா போதும்னு என் தம்பி சொல்றான். எல்லாம் உங்க கையிலதான் கீது" என்றாள் அவள் அம்மா.

"வெள்ளிக்கிழமை கடைசி நாள் சார், பாரமும் போட்டுடட்டுமா?" என்று அவள் கேட்டாள்.

போடும்மா, உடனே போடு என்று சொல்ல அப்பாவுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "முதல்ல நான் உள்ளே கேட்கிறேன். அப்புறம் பார்க்கலாம்." சீட்டு படத்துக்குப் பின்னால் போனது. அவள் அம்மா அந்தப் படத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

புதன்கிழமை தண்ணீர் லாரி வந்தபோது குடத்தோடு நின்ற அவள் என்னிடம் கேட்டாள். "உங்கப்பா ஏதாவது சொன்னாரா?" என் அப்பா ஸ்டாம்பு ஒட்டுகிறவர்டி, போய்ப் பாரத்தைப் போடு என்று நான் சொல்லியிருக்க வேண்டும். "கேட்டிருக்காராம்" என்றேன். அப்பாவை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை என்றுதான் பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது மட்டுமில்லை. கணக்கில் புலியான அவள் பெயில், நான் பாஸ். அது உள்ளுக்குள் கொஞ்சம் இனித்தது. சீ, என்ன ஜென்மம் நான்.

வெள்ளிக்கிழமை போயிற்று. அடுத்த வாரம் அவள் அம்மா வந்து கேட்டபோது அப்பா மென்று விழுங்கினார். பிறகு, "பேப்பரை எடுத்துத் திரும்பப் பார்த்துட்டாங்கம்மா. அதே மார்க்குதான் வருது" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் இப்படி நேரடியாகப் பொய் சொல்லி அதற்கு முன் நான் கேட்டதில்லை. "உங்களுக்குத்தான் சார் சிரமம்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் போனாள். வாசல் கேட்டருகே நின்றிருந்த அவளும் பின்னாலேயே போனாள். அக்டோபரில் மறுபடி எழுதலாமே என்று நான் போய்ச் சொன்னபோது, புத்தகங்களை எல்லாம் மாமன் எடைக்குப் போட்டுவிட்டார் என்றாள். ஆவணியில் குன்றத்தூர் மலைக்கோயிலில் கல்யாணம். நான் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

போகிக்குச் சுத்தம் செய்கிறேன் என்று அம்மா அந்தச் சீட்டுகளை எல்லாம் உருவி வெந்நீர் அடுப்பில் போட்டாள். அப்பா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அடுத்த கோடையில் ஆட்கள் மறுபடி வந்தார்கள், அவர் மறுபடி வாங்கிச் செருகினார்.

தொண்ணூறுகளின் நடுவில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து கூடத்திலேயே கட்டில் போட்டுப் படுக்கவைத்திருந்தோம். நான் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகியிருந்தேன். கேள்விப்பட்டு அந்த எதிர்வீட்டுச் சிநேகிதி பார்க்க வந்தாள், பத்தாவது முடித்த மகளோடு. கல்யாணத்துக்குப் பிறகு அவளும் தோல் கம்பெனிக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள். விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. அப்பாவின் காலருகே உட்கார்ந்து ஆரஞ்சுப் பழத்தை உரித்துக் கொடுத்தாள்.

"கணக்குல தொண்ணூத்தெட்டு வாங்கிக்கீறா. கணக்கு குரூப்தான் வேணும்னு ஒரே அழுகை. நான்தான் வேணாம்னு தையல் கிளாஸ்ல சேர்த்துட்டேன்" என்றாள்.

"ஏன்?"

"என் மூளைதானே அதுக்கும் இருக்கும்? எனக்காக உங்கப்பா அவ்ளோ சிபாரிசு பண்ணி, பேப்பரை ரெண்டாவது வாட்டி எடுத்துப் பார்த்தும் நான் பெயில்தானே. நாளைக்கு அதுவும் நம்பி நம்பி ஏமாறணுமா?"

அந்தச் சின்னப் பெண் தலையைக் குனிந்துகொண்டு நின்றது. இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷியே இல்லை. அப்பாவின் காது கேட்கும் என்று தெரிந்தேதான் சொன்னேன். பேப்பரை யாரும் எடுக்கவில்லை, அப்பா யாரையும் கேட்கவில்லை, அவருக்கு அங்கே யாரையும் தெரியாது, எனக்கு எல்லாம் அப்போதே தெரியும் என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன்.

ஆரஞ்சுச் சுளை அவள் கையிலேயே இருந்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"அந்தக் கேள்வித்தாளை இன்னும் வெச்சிருக்கேன்" என்றாள் மெதுவாக. "எங்க தப்பு பண்ணேன்னு எடுத்து எடுத்துப் போட்டுப் பார்ப்பேன். எல்லாக் கணக்கும் சரியாத்தான் வரும். சரியா வந்தாக்கூட, தப்பு எதுன்னு கண்டுபுடிக்கத் தெரியாத மக்குன்னு என்னையே அடிச்சுக்குவேன்."