பாஞ்சாலியின் ஆரஞ்சுகள்

ஏழாவது ஆரஞ்சையும் பாஞ்சாலி அலைகளுக்கு அப்பால் வீசுகிறார். பட்டினப்பாக்கம் கடற்கரையில் நடக்க வந்தவர்கள் நின்று பார்க்கிறார்கள். "எதுக்கும்மா, பரிகாரமா?" என்று யாராவது கேட்டால் போதும், கையை இடுப்பில் ஊன்றிக்கொள்வார். "இன்னாத்துக்குப் பரிகாரம்? ஆராய்ச்சி நைனா! தண்ணி எங்க இழுக்குதுன்னு பழம் காட்டும், பார்த்துக்கினே இரு!"

வயது நாற்பத்து மூன்று. கடலோட்டத்தை ஆராயும் தீபிகாவிடம் உதவியாளராகச் சேர்ந்து எட்டு மாதமாகிறது. ஆரஞ்சு பாதி மூழ்கி மிதப்பதால் காற்றுக்கு அசையாது. நீர் போகும் வழியில்தான் போகும். எதிர் மாடியில் கேமராவோடு தீபிகா, கரையில் செல்போனோடு இவர். "மேடம், மூணாம் நம்பரு பிச்சிக்கினு போவுது!" என்று இவர் போடும் கூச்சலுக்குச் செல்போனே வேண்டாம். கரை ஒதுங்கிய பழத்தைத் தின்னவும் மாட்டார். "அது சாட்சி. சாட்சியத் துன்னலாமா?"

போன ஞாயிறு காலை, ஏழில் ஐந்து பழங்கள் ஒரே இடத்தில் சேர்ந்து கடலுக்குள் ஓடின. பாஞ்சாலி துள்ளிக் குதித்தார். மறுகணமே முகம் மாறியது. அதே இடத்தில் ஒரு தலை தெரிந்தது.

தி.நகர் ஜவுளிக்கடையில் வேலை செய்யும் இசக்கிமுத்து, கடை திறக்குமுன் ஒரு முழுக்குப் போட வந்தவர். அலையே இல்லாத இடம் என்று நம்பி இறங்கியிருந்தார். இப்போது கரையை நோக்கி நீந்த நீந்தப் பின்னால் போய்க்கொண்டிருந்தார்.

"கரைக்கு நீந்தாத! வடக்கால போ! லைட் ஹவுஸப் பார்த்துக்கினே போ!"

முந்தானையைச் சுழற்றிக்கொண்டே பாஞ்சாலி கரையோரம் வடக்கே ஓடினார். இழுப்பின் அகலம் இருபது தப்படிதான். அதைத் தாண்டினால் அலையே கொண்டுவந்து தள்ளும். எட்டு மாதமாகப் பழங்கள் அதைத்தான் காட்டியிருந்தன. இசக்கிமுத்து வடக்கே திரும்பினார். தத்தளித்தார். நான்காவது அலை அவரைத் தூக்கி வீச, பாஞ்சாலி இடுப்பளவு நீரில் பாய்ந்து சட்டையைப் பற்றி இழுத்துவந்தார்.

இருமி இருமித் தண்ணீரைக் கக்கியவர் கைகூப்பினார். "யக்கா, நீங்க மட்டும் இல்லன்னா..."

"அத்த வுடு." பாஞ்சாலிக்கு மூச்சு வாங்கியது, கண்கள் மின்னின. "தண்ணி உள்ள இழுத்தப்போ நேராவா போன, வளைஞ்சி போனியா?"

"வளைஞ்சிதான்க்கா போனேன். தெக்க பாத்து."

"தெக்கவா!"

அவர் கையைப் பிடித்து, ஆள்காட்டி விரலை ஈரமணலில் ஊன்றினார் பாஞ்சாலி.

"போட்டுக் காட்டு."